கடைப் பெயரும் ஏலத்துக்கு வருகிறது

கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். "சார் வகுப்பு எடுக்க ஆரம்பிச்சுட்டார்" என்று யாராவது சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். முப்பத்து மூன்று வருடம் கரும்பலகை முன்னால் நின்றவனுக்கு வேறு எப்படிப் பேசத் தெரியும்?

முதலில் நான் ஏமாந்த கதை. போன ஆவணியில் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. போனை எடுத்து, கம்பெனி பெயரோடு "சர்வீஸ் சென்டர்" என்று போட்டுத் தேடினேன். முதலில் வந்ததைத் தொட்டேன், எண் வந்தது, பேசினேன். ஒரு மணி நேரத்தில் ஆள் வந்துவிட்டார். மரியாதையான பையன். உள்ளே ஏதோ போர்டு போய்விட்டது என்று மாற்றி, 3,400 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் மறுபடியும் மெஷின் நின்றது. இந்த முறை என் மனைவி பீரோவில் இருந்து வாரன்ட்டி அட்டையை எடுத்து, அதில் இருந்த எண்ணுக்குப் பேசினாள். "அம்மா, உங்க மெஷினுக்கு இன்னும் ஏழு மாசம் வாரன்ட்டி இருக்கு. நாங்க யாரையும் அனுப்பலையே" என்றார்கள். வெளியாள் கழற்றிய பிறகு வாரன்ட்டி செல்லாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

திரும்பப் போய் அதே தேடலைப் போட்டுப் பார்த்தேன். முதலில் வந்த வரிக்கு மேலே பொடி எழுத்தில் "ஸ்பான்சர்டு" என்று இருந்தது. அதாவது அது காசு கொடுத்து வாங்கிய இடம். உண்மையான கம்பெனியின் பக்கம் அதற்குக் கீழே நான்காவதாகக் கிடந்தது. பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை, நான்தான் படிக்கவில்லை. பிள்ளைகளிடம் "கேள்வியை முழுசாப் படிடா, அப்புறம் விடை எழுது" என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்!

இதைப் பற்றி அன்றே எழுதியிருக்க வேண்டும். வெட்கத்தில் விட்டுவிட்டேன். இப்போது எழுதக் காரணம் வேறு. என் மாணவர்கள் இருவருக்குள் இதே விஷயத்தில் மனஸ்தாபம்.

இருவருமே கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வியாபாரம் செய்கிறவர்கள். ஒருவர் மூத்தவர், அப்பா காலத்துக் கடை. மற்றவர் ஒன்பது வருடம் இளையவர், சொந்த முயற்சியில் ஆரம்பித்தவர். பெயர் எழுதவில்லை, தெரிந்தவர்களும் கீழே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 2020-ல் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு வெளியூர் பார்சல் பெருகியது. இருவரும் ஆளுக்கொரு வெப்சைட் வைத்தார்கள். இதுவரை சந்தோஷம்தான்.

தீபாவளிக்கு முன்னால் மூத்தவர் வீட்டுக்கு வந்தார். "சார், எங்கப்பா பேர்ல இருக்கிற கடை. அந்தப் பேரைப் போட்டுத் தேடினா மேல அவன் கடை வருது" என்று போனைக் காட்டினார். பார்த்தேன். உண்மைதான். மேலே இளையவரின் விளம்பரம், கீழே இவருடைய பக்கம். இளையவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. "ஆமா சார், அந்தப் பேரைக் கீவேர்டா போட்டிருக்கேன். எல்லாரும் செய்றதுதான். சட்டத்துல தப்பில்லைன்னு விளம்பரம் பார்க்கிறவங்க சொன்னாங்க" என்றார்.

இது எப்படி நடக்கிறது என்று வயதானவர்களுக்காகச் சொல்கிறேன். இளையவர்கள் தாண்டிப் போகலாம். தேடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லுக்கு ஒரு ஏலம் நடக்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. இந்த யோசனையை 1998-ல் அமெரிக்காவில் கோடூ என்ற நிறுவனம் கொண்டுவந்தது. 2000-ல் கூகுள் தன் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது. 2002 முதல் ஒரு கிளிக்குக்கு இவ்வளவு என்கிற ஏலத்துக்கு மாறியது. அதிகப் பணம் சொன்னவருக்கே முதலிடம் என்பதில்லை. அவர் சொல்லும் விலையோடு, அந்த விளம்பரம் தேடுகிறவருக்கு எவ்வளவு பொருத்தம் என்கிற தரத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

எளிமையாக ஒரு கணக்கு. இளையவர் ஒரு கிளிக்குக்குப் 10 ரூபாய் சொல்கிறார். அடுத்தவர் கடைப் பெயர் என்பதால் பொருத்தம் குறைவு, 4 மார்க் என்று வைப்போம். பெருக்கினால் 40. மூத்தவர் 6 ரூபாய்தான் சொல்கிறார். அவருடைய சொந்தப் பெயர், பொருத்தம் 9 மார்க். பெருக்கினால் 54. மூத்தவர் ஜெயித்துவிட்டார். எவ்வளவு கட்டுவார்? தனக்குக் கீழே இருப்பவரைத் தாண்டத் தேவையான அளவுதான்: 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4 ரூபாய் 44 காசு, அதற்குச் சற்று மேலே.

இப்போது இளையவர் 10-ஐ 12 ஆக்குகிறார். பெருக்குத்தொகை 48. மூத்தவர் கட்ட வேண்டியது 5 ரூபாய் 33 காசு. முதலிடம் அவருக்கேதான், ஆனால் செலவு ஏறிவிட்டது. இளையவர் விளம்பரத்தை யாரும் தொடாவிட்டால் அவருக்கு ஒரு காசு செலவில்லை. நிஜத்தில் இன்னும் பல விஷயங்களைச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள், ஆனால் எலும்புக்கூடு இதுதான். தன் அப்பா வைத்த பெயரைத் தேடி வருகிற ஆளுக்கே ஒவ்வொரு தொடுதலுக்கும் மூத்தவர் வாடகை கட்டுகிறார். கட்டாவிட்டால் அவர் வாசலில் அடுத்தவர் நிற்பார்.

சட்டம் என்ன சொல்கிறது? இளையவர் சொன்னது பாதி சரி. விளம்பர வாசகத்தில் அடுத்தவரின் வணிக முத்திரையை எழுதினால் கூகுளிடம் புகார் செய்யலாம். ஆனால் கீவேர்டாக அதை வாங்குவதை அவர்கள் தடுப்பதில்லை. நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே இந்த வழக்கு வந்திருக்கிறது. பாரத் மேட்ரிமோனி நடத்தியவர்கள், தங்கள் பெயரைத் தேடினால் போட்டி வரன் தளங்களின் விளம்பரம் வருகிறது என்று கூகுள் மீது வழக்குப் போட்டார்கள். 2010-ல் இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. "தமிழ்", "மேட்ரிமோனி" போன்றவை பொருளை விவரிக்கும் பொதுச்சொற்கள் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பிறகு 2023-ல் டில்லி உயர் நீதிமன்றம், ஒரு மூவர்ஸ் அண்ட் பேக்கர்ஸ் நிறுவனத்தின் வழக்கில், கூகுள் வெறுமனே வேடிக்கை பார்க்கும் ஆள் இல்லை, இந்த விற்பனையில் அதற்கும் பங்கு உண்டு என்றது. ஆனால் கீவேர்டாக வாங்கியது மட்டுமே குற்றம் ஆகாது, வாடிக்கையாளர் குழம்பினாரா, அடுத்தவர் பெயரில் நியாயமற்ற லாபம் அடையப்பட்டதா என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. ஆக, வழி அடைபடவில்லை, திறந்தும் இல்லை.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். "கடலைமிட்டாய்" என்கிற சொல்லுக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் ஏலம் கேட்கட்டும். அது சந்தை. நல்ல கடலைமிட்டாய் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறவரிடம் "என்னிடம் வாங்க" என்று யாரும் சொல்லலாம். ஆனால் ஒருவர் கடைப் பெயரையே சொல்லி, அந்தக் கடை எங்கே என்று வழி கேட்கிறவரைத் தோளைப் பிடித்துத் திருப்புவது வேறு. பஸ் ஸ்டாண்டில் லாட்ஜ் தரகர்கள் செய்வது இதுதான். "அந்த லாட்ஜா? அது சரியில்ல சார், இங்க வாங்க." நம் பிள்ளைகள் அந்த வேலையைச் செய்யக் கூடாது.

கூகுளைத் தொடங்கியவர்களுக்கும் இந்த ஆபத்து தெரியாமல் இல்லை. பிரின், பேஜ் இருவரும் மாணவர்களாக இருந்தபோது 1998-ல் எழுதிய கட்டுரையில், விளம்பரக் காசில் நடக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று அவர்களே கவலைப்பட்டிருக்கிறார்கள். அப்புறம் என்ன ஆயிற்று என்பதற்கு அந்தச் சின்ன அடையாளத்தையே பாருங்கள். ஒரு காலத்தில் விளம்பரத்துக்குப் பின்னால் தனி நிறமே பூசியிருந்தார்கள். 2013-ல் அது மஞ்சள் நிறச் சிறு கட்டமானது. 2016-ல் பச்சை. 2020-ல் சாதாரணக் கறுப்பு எழுத்து. 2022-ல் "ஸ்பான்சர்டு" என்ற சொல். நிறம் போய்ப் போய், கடைசியில் என் கண்ணாடிப் பவருக்கு எட்டாமல் போய்விட்டது.

மூத்தவரிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. அவர் பயந்துபோய் "எஸ்.இ.ஓ." செய்து தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்திடம் 25,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். தேடலில் காசு கொடுக்காமல் இயல்பாக மேலே வரும்படி பக்கத்தைச் சீர் செய்வதுதான் எஸ்.இ.ஓ. நல்ல வேலைதான், முறையாகச் செய்தால். அவர்கள் "மூன்றே மாதத்தில் முதல் இடம், கேரண்டி" என்றார்களாம். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். "கோவில்பட்டி கடலைமிட்டாய்" என்ற சொல்லை எண்ணினேன், நாற்பத்தொரு தடவை. சில இடத்தில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து, மனிதக் கண்ணுக்குத் தெரியாது. தேர்வில் விடை தெரியாதவன் கேள்வியையே திருப்பித் திருப்பி எழுதிப் பக்கத்தை நிரப்புவானே, அதேதான்.

இந்த வேலை பெரிய இடத்திலேயே எடுபடவில்லை. 2006-ல் பி.எம்.டபிள்யூ. கார் நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தையே இந்த மாதிரி ஏமாற்றுக்காகக் கூகுள் பட்டியலில் இருந்து கொஞ்ச நாள் எடுத்துவிட்டது. 2011-ல் ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கக் கடைக்காகக் காசுக்கு இணைப்புகள் வாங்கியது வெளியே தெரிந்து, தரவரிசையில் கீழே தள்ளிவிட்டார்கள். அவர்களுக்கே அந்தக் கதி.

மூத்தவர் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வாடிக்கையாளர்கள் போனில் என்னென்ன கேட்கிறார்கள் என்று எழுதச் சொன்னேன். ஒரு கிலோவில் எத்தனை பாக்கெட்? எத்தனை நாள் கெடாது? சென்னைக்குப் பார்சல் எத்தனை நாள்? கருப்பட்டி போட்டது இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா? இந்தக் கேள்விக்கெல்லாம் அந்தப் பக்கத்தில் ஒரு விடைகூட இல்லை! அவள் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் போட்டாள். மறைத்து வைத்த எழுத்தை அழித்தாள். கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்து, கடை நேரம், போன் நம்பர், அடுப்படிப் படம் எல்லாம் ஏற்றினாள். அதற்குக் காசே கிடையாது.

விளம்பரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் செய்யுங்கள். ஒரு பார்சலில் லாபம் 120 ரூபாய். ஒரு கிளிக் 5 ரூபாய். நூறு பேர் தொட்டு மூன்று பேர் வாங்கினால் வரவு 360, செலவு 500. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. வேறு. ஐந்து பேர் வாங்கினால்தான் மிச்சம் கொஞ்சம் தேறும். இளையவரிடம் உன் கணக்கு என்ன என்று கேட்டேன். "பார்க்கலை சார், ஏஜென்சி ரிப்போர்ட்ல நிறைய கிளிக் காட்டுது" என்றார். அந்தக் காலத்தில் என்றால் பெஞ்சில் ஏற்றியிருப்பேன்.

சொந்தப் பெயருக்கு விளம்பரம் தேவையா என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. 2012-ல் ஈபே நிறுவனம் தன் பெயருக்குக் கொடுத்துவந்த தேடல் விளம்பரத்தைச் சில இடங்களில் நிறுத்திப் பார்த்தது. விளம்பரத்தைத் தொட்டு வந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லாருமே கீழே இருந்த சாதாரண இணைப்பைத் தொட்டு வந்துவிட்டார்கள். பெயரைத் தேடி வருகிறவர் எப்படியும் வந்துவிடுவார், குறுக்கே ஆள் நிற்காத வரை. அந்தக் குறுக்கே நிற்கும் ஆள்தான் இங்கே சிக்கல்.

போன ஞாயிறு இருவரையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என் மனைவி இட்லி வைத்தாள். நான் மேலே எழுதிய 40, 54 கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டினேன். இளையவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அண்ணன் கட்டுற காசு எனக்கும் வரலியே சார், அது எங்கேயோல்ல போகுது" என்றார். அங்கேயே போனை எடுத்து அந்தப் பெயரைப் பட்டியலில் இருந்து நீக்கினார். மூத்தவர் ஒன்றும் பேசவில்லை, தன் தட்டில் இருந்த வடையை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை மூத்தவரிடம் இருந்து போன். இப்போது வெளியூர்க்காரர் யாரோ இருவர் கடைப் பெயரையும் வாங்கியிருக்கிறாராம். இந்தத் தடவை இருவரும் சேர்ந்தே வக்கீலைப் பார்க்கப் போகிறார்கள். டில்லித் தீர்ப்பை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

பொங்கலுக்குக் கடலைமிட்டாய் பார்சல் வேண்டியவர்கள் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். எனக்குத் தனியாக ஒரு செய்தி போடுங்கள், இரண்டு கடை நம்பரும் தருகிறேன். வாஷிங் மெஷின் வைத்திருப்பவர்கள் வாரன்ட்டி அட்டையை இன்றே எடுத்துப் போட்டோ பிடித்து வையுங்கள். வங்கி, கேஸ், மின்வாரியம் எதற்கும் எண் வேண்டுமென்றால் பாஸ்புக்கிலோ பில்லிலோ பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.