திறமையின் பெயரால்

தென்னாபிரிக்கத் தேசிய றக்பி அணியின் பெயர்ப்பட்டியல் வெளியாகும் ஒவ்வொரு தடவையும் இரசிகர்களிற் பலர் ஒரு சொல்லை மந்திரம்போல ஓதத் தொடங்கிவிடுகின்றார்கள். 'திறமை' என்பதே அந்தச் சொல். நிறத்தைப் பார்க்காதீர்கள், திறமையை மட்டும் பார்த்து அணியைத் தெரிவு செய்யுங்கள் என்கின்றார்கள். கேட்பதற்கு நீதியான கோரிக்கைதான். யார்தான் அதை மறுக்க முடியும்?

நான் மறுக்கின்றேன். திறமையை அல்ல, அந்தச் சொல்லைத் தூக்கிப் பிடிப்பவர்களின் நேர்மையை மறுக்கின்றேன். இந்த விவாதத்தில் தலையிட ஓர் இலங்கைத் தமிழனுக்கு என்ன அவசரம் என்று கேட்கக் கூடும். அவசரம் இருக்கின்றது. எம்மவர்களிலும் கணிசமானோர் இந்த விவாதத்தில் அந்த மந்திரக்காரர்களின் பக்கமே நிற்கின்றார்கள். 'தரப்படுத்தலால் பாதிக்கப்பட்டவர்கள் நாங்கள், ஒதுக்கீடு என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாதா?' என்பது அவர்களின் வாதம். அந்த வாதத்துக்குப் பின்னர் வருகின்றேன். முதலில் வரலாறு.

தென்னாபிரிக்கா தனது முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை 1891 இல் ஆடியது. வெள்ளையரல்லாத ஒருவர் அந்த அணியின் மேற்சட்டையை அணிந்து டெஸ்ட் ஆட்டமொன்றில் இறங்கியது 1981 இல். இடையில் 90 ஆண்டுகள். இந்தத் தொண்ணூறு ஆண்டுகளும் கறுப்பின மக்களுக்கு றக்பி தெரியாமல் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. கிழக்குக் கேப் பிரதேசத்துக் கறுப்பின மக்களிடையே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்த ஆட்டம் வேரூன்றிவிட்டது. அந்நாட்டுச் சட்டம் 'கலப்பினத்தவர்' என்று வகைப்படுத்திய மக்களும் கறுப்பின மக்களும் தமக்கெனத் தனியான சங்கத்தை அமைத்து அந்நூற்றாண்டின் இறுதியிலிருந்தே றோட்ஸ் கிண்ணத்துக்காகப் போட்டியிட்டார்கள். ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், ஆடுகளங்களும் இருந்தன. தேசிய அணியில் மட்டும் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை.

அந்தத் தொண்ணூறு ஆண்டுகளும் நடைமுறையில் இருந்தது நூற்றுக்கு நூறு வீத ஒதுக்கீடு. உலக விளையாட்டு வரலாற்றில் அதைவிட இறுக்கமான கோட்டா வேறு எங்கேனும் இருந்திருக்குமா என்பது சந்தேகமே. அப்போது திறமை என்ற மந்திரத்தை ஓதியவர்கள் எங்கே இருந்தார்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஒதுக்கீடு தென்னாபிரிக்க எல்லையோடு நிற்கவில்லை. 1919 இல் நியூசிலாந்து இராணுவ அணி தென்னாபிரிக்காவுக்குச் சென்றபோது, மேற்கிந்தியத் தந்தைக்குப் பிறந்த 'ரஞ்சி' வில்சன் என்ற ஆட்டக்காரருக்கு அங்கே ஆட இடமளிக்கப்படவில்லை. 1949 இலும் 1960 இலும் நியூசிலாந்து அணி அங்கே சென்றபோது மஓரி இனத்தவர் ஒருவர்கூடச் சேர்க்கப்படவில்லை. தென்னாபிரிக்காவின் நிறச் சட்டத்துக்கு அமைய நியூசிலாந்தின் தெரிவாளர்கள் தமது சொந்த அணியையே கத்தரித்துக் கொடுத்தார்கள். 1960 இல் 'மஓரி இல்லையேல் சுற்றுப்பயணம் இல்லை' என்று நியூசிலாந்திலேயே பெரும் மக்கள் இயக்கம் எழுந்தது. ஆயினும் அணி சென்றது. 1970 இல் மஓரி வீரர்கள் சேர்க்கப்பட்டபோது அவர்களுக்குக் கிடைத்த பட்டம் 'கௌரவ வெள்ளையர்'. விலக்கப்பட்ட மஓரி வீரர்களிடம் நியூசிலாந்து றக்பிச் சங்கம் மன்னிப்புக் கோரியது 2010 இல்தான்.

1981 இல் அந்தச் சுவரைத் தாண்டிய எரொல் டொபியாஸுக்கு அப்போது வயது 31. ஆட்டக்காரர் ஒருவரின் பொற்காலம் முடிகின்ற வயது. அவர் ஆடியவை ஆறு டெஸ்ட் ஆட்டங்கள். ஆறிலும் தென்னாபிரிக்கா வென்றது. அப்படியிருந்தும் அவர் காட்சிப் பொருளாகச் சேர்க்கப்பட்டவர் என்று ஒரு சாரார் இகழ்ந்தார்கள். இனவொதுக்கல் அரசுக்கு விலைபோனவர் என்று மறுசாரார் ஏசினார்கள். அன்று ஒட்டப்பட்ட அந்த முத்திரை இன்றுவரை ஒவ்வொரு கறுப்பின வீரரின் முதுகிலும் மாறி மாறி ஒட்டப்படுகின்றது.

1995 உலகக் கிண்ண அணியில் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவரே வெள்ளையரல்லாதவர். அவரும் காயத்தால் முதலில் விலக நேர்ந்தது. அவருக்குப் பதிலாக வந்தவர் கனடாவுடனான ஆட்டத்தில் நடந்த கைகலப்புக்காகத் தடைசெய்யப்பட்டதால்தான் வில்லியம்ஸ் திரும்ப அழைக்கப்பட்டார். வந்தவர் மேற்குச் சமோவாவுக்கு எதிரான காலிறுதியில் நான்கு 'ட்ரை'களை வைத்தார். 2007 இறுதியாட்டத்தைத் தொடங்கிய பதினைவரில் வெள்ளையரல்லாதவர் இருவர்: பிரயன் ஹபானா, ஜே. பி. பீட்டர்சன். 2019 இல் யொக்கோஹாமா இறுதியாட்டத்தைத் தொடங்கியவர்களில் ஆறு பேர். அன்று இங்கிலாந்தை 32-12 எனத் தோற்கடித்த அணிக்கு சியா கொலிசி தலைவர். இரண்டு ட்ரைகளையும் வைத்தவர்கள் மகஸோலே மபிம்பியும் செஸ்லின் கொல்பேயும்.

இந்த மூவரின் கதையையும் திறமைவாதிகள் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

கொலிசி, போர்ட் எலிசபெத் நகரை அடுத்த ஸ்விடே என்ற வறிய குடியிருப்பில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் புலமைப்பரிசில் பெற்றுப் பெரிய றக்பிப் பாடசாலையொன்றுக்குப் போனார். அந்தப் புலமைப்பரிசில் கிடைத்திராவிட்டால்? 2018 இல், முதலாவது டெஸ்ட் ஆட்டத்துக்கு 127 ஆண்டுகளின் பின்னர், தென்னாபிரிக்க டெஸ்ட் அணிக்குக் கிடைத்த முதலாவது கறுப்பினத் தலைவர் ஸ்விடேயிலேயே யாருக்கும் தெரியாமல் இருந்திருப்பார். மபிம்பி கிழக்குக் கேப்பின் கிராமமொன்றைச் சேர்ந்தவர். பெயர்பெற்ற எந்தப் பாடசாலையிலும் படிக்காதவர். சிறிய பிராந்திய அணிகளில் ஆடி ஆடி 27 வயதிலேயே தேசிய அணியை எட்டினார். கொல்பே 1.71 மீற்றர் உயரமே உள்ளவர். மிகச் சிறிய உருவம் என்று நீண்டகாலம் ஒதுக்கப்பட்டு, பிரான்ஸின் துலூஸ் கழகத்துக்குச் சென்று அங்கே தன்னை நிரூபித்த பின்னரே 2018 இல் தேசிய அணிக்குள் வந்தார்.

திறமை என்பது தராசில் வைத்து நிறுக்கக்கூடிய பண்டம் என்றால் இவர்களை ஏன் எவரும் முன்னரே நிறுத்துப் பார்க்கவில்லை? தெரிவாளரின் கண் எங்கே பழகியிருக்கின்றதோ அங்கேதான் அவருக்குத் திறமை தெரிகின்றது. புளூம்பொன்டெயினிலும் பார்ளிலும் பிரிட்டோரியாவிலும் உள்ள சில பாடசாலைகளின் மைதானங்களில் நிற்பவருக்கு அங்கே ஓடுகின்ற பிள்ளைகள் மட்டுமே கண்ணிற் படுவார்கள். எமது நாட்டிலும் றக்பி என்றால் நீண்டகாலமாகக் கொழும்பிலும் கண்டியிலும் உள்ள சில பெரிய பாடசாலைகள்தான். மற்றைய மாவட்டங்களின் பிள்ளைகளுக்குத் தோள்வலிமை இல்லை என்றா இதற்குப் பொருள்?

எதிர்த்தரப்பின் வாதத்தில் ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. அதிகாரிகள் மேலிருந்து பெயர்களைத் திணிப்பது பிழை. 2007 இல் பயிற்றுநர் 45 பேரைத் தெரிவு செய்தபின் சங்கத்தின் தலைமை அவரது விருப்பத்துக்கு மாறாக லூக் வொட்சனை நாற்பத்தாறாவது ஆளாகச் சேர்த்தது. வொட்சன் ஒரு வெள்ளையர். இனவொதுக்கலை எதிர்த்த குடும்பத்திலிருந்து வந்தவர். அதனால் அவருக்கும் நன்மை இல்லை, அணிக்கும் நன்மை இல்லை. 2016 இல் எண்ணிக்கை இலக்கை எட்டவில்லை என்று றக்பி, கிரிக்கெட் உட்பட நான்கு விளையாட்டுச் சங்கங்கள் சர்வதேசப் போட்டிகளை நடத்தக் கேட்பதற்கு விளையாட்டுத்துறை அமைச்சர் தடை விதித்தார். ஆனால் வறிய குடியிருப்புகளின் பாடசாலைகளுக்கு மைதானமும் பயிற்றுநரும் போதிய உணவும் கொடுக்கும் பொறுப்பு எவருடையது? அரசினுடையது. அதைச் செய்யாமல், கடைசிப் படியில் நின்று தலைகளை எண்ணுவது அரசியல்வாதியின் சோம்பேறித்தனம்.

ஆனால் கடைசிப் படியில் எண்ணக் கூடாது என்பவர்கள் முதற்படியில் முதலீடு செய்யவாவது குரல் கொடுத்தார்களா? அவர்களது கோபம் பட்டியல் வெளியாகும் நாளில் மட்டுமே பொங்குகின்றது. ஸ்விடேயில் புல்முளைத்த மைதானம் ஒன்று இல்லாத நாட்களில் அது உறங்கிக்கொண்டிருக்கின்றது.

இனி எம்மவர்களுக்கு வருகின்றேன்.

1970 களின் தொடக்கத்தில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல் அநீதியானது. அதில் எனக்கு ஐயம் இல்லை. ஒரே பரீட்சை, ஒரே மருத்துவ பீடம். தமிழ்மொழி மூல மாணவருக்கு வெட்டுப்புள்ளி 250, சிங்களமொழி மூல மாணவருக்கு 229. அரசு அதிகாரத்திற் பங்கற்ற ஒரு சிறுபான்மையின் முன்னால், அவர்களின் மொழியைக் காரணங்காட்டி, அரசு வேலியை உயர்த்தியது. அந்த வேலியில் முட்டி மோதிய ஒரு தலைமுறையின் கோபம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை.

தென்னாபிரிக்காவில் நடப்பது இதுவா? அங்கே பெரும்பான்மை மக்களின் முன்னால் சட்டத்தினால் வேலி கட்டப்பட்டிருந்தது. அந்த வேலியைப் பிடுங்குகின்ற வேலைதான் இப்போது நடக்கின்றது. வேலி கட்டுவதையும் வேலி பிடுங்குவதையும் 'ஒதுக்கீடு' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடுபவர், தரப்படுத்தலின் அநீதி எதில் இருந்தது என்பதையே விளங்கிக்கொள்ளாதவர். எமக்கு அநீதி இழைத்தவர்கள் எங்கள் பிறப்பைப் பார்த்தார்கள். தென்னாபிரிக்கத் திறமைவாதியும் கறுப்பு முகமொன்றைக் கண்டவுடன் 'இவர் கோட்டாவில் வந்தவர்' என்று பிறப்பைப் பார்த்தே தீர்ப்புக் கூறுகின்றார். அப்படியானால் நாம் யார் பக்கம் நிற்க வேண்டும்?

இன்னும் கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகின்றேன். மொழிவாரித் தரப்படுத்தலையும் அதற்குப்பின் வந்த மாவட்ட ஒதுக்கீட்டையும் நாம் ஒரே மூச்சில் சபிக்கின்றோம். மாவட்ட ஒதுக்கீடு வந்த நோக்கம் தூய்மையானது என்று நான் சொல்லவில்லை. அதனால் யாழ்ப்பாணம் இழந்தது உண்மை. ஆனால் அதே ஒதுக்கீட்டினால் மன்னாரிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் தமிழ்ப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தின் படியேறினார்கள் என்பதும் உண்மை. விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் இல்லாத பாடசாலையில் படித்து அவர்கள் பெற்ற புள்ளியை, எல்லாம் வாய்த்த பாடசாலைப் பிள்ளையின் புள்ளியோடு வைத்து 'திறமை குறைவு' என்றவர்களில் எங்களவர்களும் இருந்தார்கள். மபிம்பியைப் பார்த்துச் சொல்லப்பட்டதும் அதே வசனந்தான்.

இரசிகர்கள் அணித் தெரிவைப் பற்றி வாதாடக் கூடாது என்பதல்ல என் கட்சி. வாதாட வேண்டும், காரசாரமாகவே வாதாட வேண்டும். அதற்கு நல்ல உதாரணம் 2023 இலேயே கிடைத்தது. உலகக் கிண்ணத்தின் நடுவில் 'ஹூக்கர்' மல்கம் மார்க்ஸ் முழங்காற் காயத்தால் விலகினார். ஹூக்கர் என்பவர் ஸ்க்ரமின் முன்வரிசை நடுவில் நின்று பந்தைக் காலாற் பின்னிழுப்பவர். எல்லைக்கோட்டிலிருந்து பந்தை எறிபவரும் அவரே. அந்த இடத்துக்கு இன்னொரு ஹூக்கரை அழைப்பார்கள் என்று எதிர்பார்த்திருக்க, காயத்திலிருந்து மீண்ட உதைப்பாளர் ஹன்ட்ரே பொலார்டை அழைத்தார்கள். பைத்தியக்காரத்தனம் என்றனர் சிலர். உதைகள் தவறுகின்றன, வேறு வழியில்லை என்றனர் மற்றவர்கள்.

இறுதியாட்டத்தில் இரு சாராரும் சொன்னது பலித்தது. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் பொங்கி ம்பொனாம்பி காயமுற்று வெளியேற, வழமையாகப் பின்வரிசையில் ஆடுகின்ற 37 வயது டியொன் ஃபூரி எஞ்சிய நேரம் முழுவதும் ஹூக்கராக நின்றார். எல்லைக்கோட்டு எறிவுகளில் அணி தடுமாறியது. மறுபுறம், நியூசிலாந்தை 12-11 என வென்ற அந்த ஆட்டத்தில் தென்னாபிரிக்காவின் பன்னிரண்டு புள்ளிகளையும் உதைத்துப் பெற்றவர் பொலார்ட். எத்தனை அழகான வாதம் அது! இடம், பொறுப்பு, ஆபத்து, ஆதாயம் எல்லாம் அதில் இருந்தன. பிறப்பு மட்டும் இருக்கவில்லை.

அதே தொடரில் அயர்லாந்திடம் 13-8 எனத் தோற்ற ஆட்டத்தில் மனி லிபொக்கும் உதைகளைத் தவறவிட்டார், ஃபாஃப் டி கிளர்க்கும் தவறவிட்டார். லிபொக்கை மாற்ற வேண்டும் என்று வாதாடுவது இரசிகரின் உரிமை. டி கிளர்க்கின் தவறைக் காலின் தவறாகவும் லிபொக்கின் தவறை அவர் பிறந்த சமூகத்தின் தவறாகவும் பார்க்கின்ற இரசிகரையே நான் சாடுகின்றேன்.

அடுத்த உலகக் கிண்ணம் 2027 இல் அவுஸ்திரேலியாவில் நடக்க இருக்கின்றது. பட்டியல் வெளியாகும் அன்று பழைய மந்திரம் மீண்டும் ஒலிக்கும். அதை ஓதுபவர்களிடம், தமிழர்களாயினும் வேறெவராயினும், ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: 'தோற்ற ஆட்டத்துக்குப் பின்னர் ஒரு வெள்ளை வீரரைப் பார்த்து, இவர் திறமையால் வந்தவரா என்று எப்போதாவது கேட்டதுண்டா?' நேர்மையான பதில் வருமானால் விவாதத்தைத் தொடருங்கள். வராவிட்டால், அவர் பேசுவது றக்பியைப் பற்றி அல்ல என்பதை உணர்ந்துகொள்ளுங்கள்.