கேட்கும் செவியும் செவிசாய்க்கும் மனமும்

வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே அமைந்துள்ளது றொசல்ல. அங்கே புகையிரதப் பாதையை அண்டிய லயங்களில் வாழ்ந்து பழகியோரின் உறக்கத்தை இரவுப் புகையிரதம் கலைப்பதில்லை. ஆனால் தொட்டிற் பிள்ளை மெல்லச் சிணுங்கினால் தாய் உடனே எழுந்துவிடுகிறாள். பேரோசைக்கு விழிக்காதவள் சிற்றொலிக்கு விழிப்பது எங்ஙனம்?

நம்மை வந்தடையும் ஒலி முதலில் செவிப்பறையை அதிரச் செய்கின்றது. மூன்று சிற்றெலும்புகள் அவ்வதிர்வை நத்தையோட்டின் வடிவிலுள்ள உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்குள்ள ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிர்க்கலங்கள் அதனை மின்சமிக்ஞைகளாக்கி நரம்பின் வழியே மூளைக்கு அனுப்புகின்றன. மூளையோ பழகிய இரைச்சலை ஒதுக்கி, தனக்கு வேண்டிய குரலைத் தெரிந்தெடுக்கின்றது. செவி வாயில் மட்டுமே; உண்மையில் கேட்பது மூளையே.

அம்மயிர்க்கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. 85 டெசிபல் இரைச்சலில் நாள்தோறும் 8 மணி நேரம் உழைப்போருக்குச் செவிக்காப்பு வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திர இரைச்சலில் பல்லாண்டுகள் உழைத்த எத்தனையோ பெரியவர்கள் அத்தகைய காப்பின்றியே உழைத்தார்கள். இன்று அவர்களுள் செவி மங்கியவர்களின் மூளைக்குச் சிதைந்த ஒலியே சென்று சேர்கிறது. தொலைக்காட்சியும் பலர் பேச்சும் கலந்த வீட்டில் குரல் கேட்கிறது, சொல் விளங்குவதில்லை. நாமோ, "கேட்டும் கேளாதவர்போல் இருக்கிறார்" எனக் கடிந்துகொள்கிறோம்.

மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில், காது கேளாதவரை ஆண்டவரிடம் கொண்டுவருகின்றனர். ஆண்டவர் அவரைக் கூட்டத்தின் நடுவே வைத்துக் குணமாக்கவில்லை. முதலில் தனியே அழைத்துச் சென்றார், காதுகளைத் தொட்டார், அதன்பின்னரே செவி திறந்தது. அவர் அன்று கூறிய 'எப்பத்தா' என்னும் சொல் இன்றும் திருமுழுக்குச் சடங்கில் இடம்பெறுகின்றது.

அன்புக்குரியவர்களே, அற்புதம் ஆண்டவருடையது. தனியே அழைத்துச் செல்லும் அன்போ நமக்கும் இயலும். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். பெரியவரின் முகம் நோக்கி அமர்ந்து, கத்தாமல், நிதானமாகப் பேசுங்கள். வைத்தியரிடம் அழைத்துச் சென்று செவியைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். இன்று இரைச்சலில் உழைக்கும் பிள்ளைகளுக்குச் செவிக்காப்பைக் கேட்டுப் பெற்றுக்கொடுங்கள். அழைத்தும் திரும்பாத சிறுவனை அடிக்குமுன், அவனுக்குக் கேட்கிறதா என எண்ணிப் பாருங்கள்.

பிறருடைய செவி திறக்குமுன் திறக்கப்பட வேண்டியது நமது மனமே.