ஆம்புலன்ஸில் இருந்தவருக்கு ஆப்சென்ட்

மதிப்பிற்குரிய மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கு,

உங்கள் பொறுப்பில் இருக்கும் ஒரு தாலுகா மருத்துவமனையின் மகப்பேறு மருத்துவர் எழுதுகிறேன். இதில் வரும் எதுவும் உங்களுக்குப் புதிதல்ல. சூப்பிரண்டு வழியாக மனு கொடுத்தாயிற்று. ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னபோது "பார்க்கலாம் டாக்டர்" என்றீர்கள். உங்கள் அலுவலகத்துக்கே வந்து கேட்டதற்கு, கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். மேலே போனது இன்னும் இறங்கவில்லை. இனி ஊரறியச் சொல்வதுதான் மிச்சம்.

விதிகளை உங்களுக்கு நான் படித்துக் காட்ட வேண்டியதில்லை. அவசரகாலப் பிரசவத்துக்கும் பச்சிளம் குழந்தைகளுக்குமான சீமாங் மையம் என்று பலகை மாட்டிய மருத்துவமனையில் இரவும் பகலும் யார் யார் இருக்க வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் பேச வந்தது ஒரே ஒரு மெமோவைப் பற்றி.

எங்களுக்கு இருப்பது ஒரே மயக்க மருந்து நிபுணர். இரண்டாவது பணியிடம் காலி. அதனால் பகல் தியேட்டர் அவருக்கு, இரவு கால் டியூட்டியும் அவருக்கு. ஞாயிறும் அவருக்கு, தீபாவளியும் அவருக்கு. கூப்பிட்ட உடனே வந்து நிற்க வேண்டும் என்பதற்காக மருத்துவமனைக்குப் பின் தெருவிலேயே வாடகைக்கு வீடு எடுத்துத் தனியாக இருக்கிறார். குடும்பம் வேறு ஊரில். பதில் ஆள் கிடைத்தால்தான் அங்கே போக முடியும், கிடைப்பது அபூர்வம். இப்படி ராத்திரி முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பதற்குச் சம்பளத்தில் ஒரு பைசா கிடையாது. அவர் இல்லாத நாளில் வெளியிலிருந்து ஒருவரை அழைத்தால் மட்டும் கேஸுக்கு இவ்வளவு என்று கொடுக்க நம் கணக்கில் இடம் இருக்கிறது.

அந்த இரவுக்கு வருகிறேன். பத்து மணிக்கு ஒரு தலைப்பிரசவம். குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கியதால் சிசேரியன். ஒரு மணி வாக்கில், ஏற்கெனவே சிசேரியன் ஆனவர் ஒருவர் வலியோடு வந்தார். அதையும் முடித்தோம். நான்கு மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து 108இல் மூன்றாமவர் வந்தார். நஞ்சுக்கொடி முன்பே பிரிந்து உள்ளுக்குள் ரத்தப்போக்கு. வயிறு பலகையாக இறுகிக் கிடந்தது. ரத்த அழுத்தம் இருந்த நிலையில் முதுகில் ஊசி போட முடியாது. தொண்டையில் குழாய் இறக்கி முழு மயக்கம் கொடுத்தார். குழந்தையை எடுத்தேன். கர்ப்பப்பை சுருங்க மறுத்தது. தையல் போட்டு இறுக்கினேன். எங்கள் ரத்த சேமிப்பு அறையில் இருந்த பைகள் அத்தனையும் ஏறி முடிந்தன. அதன் பிறகும் தையல் போட்ட இடங்களிலிருந்தெல்லாம் உறையாத ரத்தம் கசிந்துகொண்டே இருந்ததைப் பார்த்து நாங்கள் இருவரும் நிமிர்ந்தோம். பிளாஸ்மாவும் வென்டிலேட்டரும் இருக்கும் இடத்துக்குப் போனால்தான் இந்தப் பெண்ணுக்கு உயிர்.

ரத்தப்போக்கைத் தாக்குப்பிடிக்க, கால் முதல் வயிறு வரை அழுத்திப் பிடிக்கும் என்.ஏ.எஸ்.ஜி. உடையைச் சுற்றி வண்டியில் ஏற்றினோம். குழாய் தொண்டையில் இருக்கிறது. வழியில் அது நழுவினால் திரும்பப் போடத் தெரிந்தவர் அங்கே ஒருவர்தான். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. தியேட்டர் உடுப்போடு, தியேட்டர் செருப்போடு ஏறிவிட்டார். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலான பயணம். அவ்வளவு தூரமும் வண்டித் தரையில் முட்டி போட்டு, ஒரு கையால் குழாயை வாயோடு சேர்த்துப் பிடித்தபடி மறு கையால் ஆம்பு பையை அமுக்கிக்கொண்டே வந்தார் என்று அந்த வண்டியின் மருத்துவ உதவியாளர் பிறகு என்னிடம் சொன்னார். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒப்படைத்துவிட்டு அதே வண்டியில் திரும்பியபோது மணி ஒன்பதரை. முகம் கழுவிக்கொண்டு நேராக அன்றைய குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்களுக்கு வந்து நின்றார்.

அந்தத் தாய் பிழைத்துக்கொண்டார். குழந்தை எங்கள் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் தேறியது.

அடுத்த வாரமே மெமோ வந்தது. காலை எட்டு மணிக்கு பயோமெட்ரிக் பதிவு இல்லை, விளக்கம் தரவும். கேஸ் ஷீட் நகல், அனுப்பிவைத்த சீட்டு, 108 வண்டியின் பதிவு எல்லாவற்றையும் இணைத்து அவர் பதில் கொடுத்தார். சாட்சியாக நானும் கையெழுத்திட்டேன். அதற்கு உங்கள் அலுவலகம் அனுப்பிய முடிவு: அரை நாள் தற்செயல் விடுப்பு கழிக்கப்படுகிறது; முன் அனுமதியின்றித் தலைமையிடத்தை விட்டு வெளியேறுவது இனி கடுமையாகப் பார்க்கப்படும்.

ஐயா, அந்தத் தாளில் இருப்பது உங்கள் கையெழுத்து. விடியற்காலையில், ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணின் தலைமாட்டில் நின்றுகொண்டு யாரிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும் என்கிறீர்கள்? அவர் போய்த் திரும்பிய அந்த நேரம் முழுக்க எங்கள் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்க ஆள் இல்லை என்பது உண்மைதான். வேறொரு தாய் வந்துவிடக் கூடாதே என்று லேபர் வார்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அந்த ஆபத்தை உண்டாக்கியவர் வண்டியில் ஏறியவர் அல்ல. இரண்டாவது பணியிடத்தைக் காலியாகவே வைத்திருப்பவர்கள்.

அன்று கேட்டிருக்க வேண்டிய விளக்கம் வேறு. முதல் நாள் காலையிலிருந்து தூங்காத ஒருவரை ஒன்பதரை மணிக்கு மறுபடியும் ஏன் தியேட்டருக்குள் விட்டோம்? அதைக் கேட்டிருந்தால் நானும் சூப்பிரண்டும் நீங்களும் சேர்ந்தே பதில் சொல்லியிருக்க வேண்டும். 24 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைநிதானமும், ரத்தத்தில் ஏறத்தாழ 0.1 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று 1997இலேயே ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் பொறுத்துக்கொள்வது 0.03 சதவீதம். அந்த நிலையில் ஸ்கூட்டர் ஓட்டினால் பிடிப்பார்கள்; நாம் அன்று காலை வந்த பெண்களை ஒவ்வொருவராக அவர் கையில் ஒப்படைத்தோம். ஒன்றும் ஆகவில்லை என்றால் அதற்கு அவருடைய பொறுமைதான் காரணம், நம் ஏற்பாடு அல்ல.

கால் டியூட்டி வேலையே இல்லை, வீட்டில் இருப்பதுதானே என்று கூட்டத்தில் ஒருமுறை சொன்னீர்கள். ஜெர்மனியில் கீல் நகர மருத்துவர் ஒருவரின் வழக்கில், மருத்துவமனையில் படுத்துத் தூங்கினாலும் அழைப்புக்குக் காத்திருக்கும் நேரம் வேலை நேரமே என்று 2003இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எட்டு நிமிடத்தில் நிலையத்துக்கு வந்து சேர வேண்டிய பெல்ஜியத் தீயணைப்பு வீரர் வீட்டில் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்று 2018இல் சொன்னது. அது வேறு கண்டம், வேறு சட்டம், தெரியும். ஆனால் காத்திருக்கும் உடம்பு எங்கும் ஒன்றுதான். இங்கேயும் 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, உறைவிட மருத்துவர்களுக்கு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. எங்கள் மயக்க மருந்து நிபுணர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. எட்டு மணிக்கு வரவில்லை என்று தெரிந்துகொள்ளும் இயந்திரத்துக்கு, முந்தின இரவு பத்து மணிக்கு வந்தது தெரியாது.

காலிப் பணியிடத்தைப் பற்றிக் கேட்டால், இளம் மருத்துவர்களுக்குச் சேவை மனப்பான்மை இல்லை, தாலுகாவுக்கு வர மாட்டேன் என்கிறார்கள் என்கிறீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். கவுன்சலிங்கில் ஊரைத் தேர்வு செய்வதற்கு முன் ஒரு இளைஞர் எங்கள் மருத்துவமனையைப் பார்க்க வந்தார். சம்பளம் கேட்டார். நகரத்துத் தனியார் மருத்துவமனையில் இதைவிடக் கிடைக்கும் என்று தெரிந்தும், பரவாயில்லை மேடம் என்றார். மாதத்தில் எத்தனை நாள் கால் என்று கேட்டார். எல்லா நாளும் என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. அதற்கும் அவர் எழுந்துவிடவில்லை. இரவு முழுக்க வேலை என்றால் மறுநாள் ஓய்வு உண்டா என்றார். அந்த மெமோ மேஜைமேல்தான் கிடந்தது. எடுத்துக் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, தேங்க்ஸ் மேடம் என்று வணங்கிப் போனார். அவரைத் துரத்தியது கிராமம் அல்ல, சம்பளமும் அல்ல. உங்கள் கையெழுத்து.

மருத்துவர்களின் ஊதிய உயர்வு பற்றிய 2009ஆம் ஆண்டின் அரசாணை 354ஐ அமல்படுத்தச் சொல்லி 2019 அக்டோபரில் அரசு மருத்துவர்கள் நாங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, டாக்டர்களுக்குப் பணத்தாசை என்றார்கள். நோயாளிகளின் எண்ணிக்கைக்கேற்ப மருத்துவர் பணியிடம் வேண்டும் என்பதும் அன்றைய கோரிக்கைதான். அது எவர் காதிலும் விழவில்லை. விழுந்திருந்தால் அந்த இரவில் தியேட்டரில் ஒருவரும் வண்டியில் ஒருவருமாக இருவர் இருந்திருப்பார்கள்.

ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தார் என்று எங்களை வரிசையாக நிறுத்திக் கேட்கிறீர்கள். கேட்கத்தான் வேண்டும். பிழைத்த தாயைப் பற்றியும் ஒருமுறை கேளுங்கள். எப்படிப் பிழைத்தார், யார் முட்டி தேய்ந்தது என்று கேளுங்கள். மாவட்டத்தின் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தவரின் பணிப்பதிவேட்டில் எச்சரிக்கை ஏறியிருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

அந்த எச்சரிக்கையை எழுத்து மூலமாக ரத்து செய்யுங்கள். பிடுங்கிய அரை நாளைத் திருப்பிக் கொடுங்கள். கால் டியூட்டிக்குத் தனிப் பதிவேடும் அதற்கான படியும், இரவு வேலை செய்தவருக்கு மறுநாள் ஓய்வும் என்று ஒரு உத்தரவு போடுங்கள். உங்கள் அதிகாரத்துக்குள் வராததை மேலே எழுதி, அந்தக் கடிதத்தின் நகலை எங்களுக்கும் அனுப்புங்கள். வந்து பார்த்துவிட்டுப் போன அந்த இளைஞர் இன்னும் எங்கும் நிரந்தரமாகச் சேரவில்லை என்று கேள்விப்பட்டேன். அவருடைய எண் என்னிடம் இருக்கிறது. உத்தரவு கையில் வந்த அன்றே நான் அவரைக் கூப்பிட்டுப் பேசுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாவட்டத்தின் மகப்பேறு மருத்துவர் ஒருவர்