டயர் சூட்டைத் தொடாமலே அளக்கலாம்: 100 வெள்ளிக் கருவியை எவ்வளவு நம்பலாம்?

சிங்கப்பூரின் மரினா பே தடத்தில், 2025 அக்டோபரில், மெக்லேரன் அணி ஃபார்முலா 1 அணிகளுக்கான பட்டத்தைத் தட்டிச்சென்றது. அந்தப் பருவத்தில் அதன் போட்டியாளர்கள் அடிக்கடி பேசிய விஷயம் ஒன்று உண்டு. மெக்லேரனின் பின்பக்க டயர்கள் மற்ற கார்களில் இருப்பதைப்போல் சட்டென்று சூடேறவில்லை!

டயர் சூட்டை ஓடும்போதே அளப்பது நீண்டகாலமாகப் பணக்கார அணிகளின் வேலையாக இருந்தது. இப்போது பல்கலைக்கழக மாணவர்களும் வார இறுதிப் பந்தய ஆர்வலர்களும்கூட அதைச் செய்யலாம். ஆனால், கருவி காட்டும் எண்ணைத் தவறாகப் புரிந்துகொண்டால் பணமும் போகும், பாதுகாப்பும் போகும்.

டயர் சூட்டுல அப்படி என்ன இருக்கு?

பந்தய டயரின் ரப்பர் குறிப்பிட்ட வெப்பநிலையில்தான் தடத்தை இறுக்கமாகப் பிடிக்கும். ஃபார்முலா 1 டயர்களுக்கு, ரப்பர் கலவையைப் பொறுத்து, அது ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ். சூடு போதாவிட்டால் கார் வழுக்கும். சூடு மிஞ்சினால் பிடியும் குறையும், ரப்பரும் சீக்கிரம் தேயும்.

ஒரே டயரில் மூன்று இடங்களை ஒப்பிட்டாலே நிறைய தெரிந்துவிடும்:

• நடுப்பகுதி அதிகச் சூடு: காற்றழுத்தம் கூடுதலாக இருக்கலாம்.
• இரண்டு ஓரங்களும் அதிகச் சூடு: காற்றழுத்தம் குறைவாக இருக்கலாம்.
• உள்பக்க ஓரம் மட்டும் மிக அதிகச் சூடு: சக்கரத்தை அளவுக்கு மீறிச் சாய்த்துப் பொருத்தியிருக்கலாம்.

இதுவரை எப்படி அளந்தாங்க?

சிறிய அணிகள் பயன்படுத்துவது ஊசி வெப்பமானி. கார் வந்து நின்றதும் ரப்பருக்குள் ஊசியைச் சில மில்லிமீட்டர் குத்தி அளப்பார்கள். மலிவானது, நம்பகமானது. ஆனால், வேகத்தைக் குறைத்துத் திரும்பி வருவதற்குள் டயர் ஆறத் தொடங்கிவிடும். எந்த வளைவில் சூடு ஏறியது என்பதும் தெரியாது.

தொடாமல் அளப்பது எப்படி?

கோவிட்-19 காலத்தில் கடைத்தொகுதி வாசலில் நம் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அதே தத்துவம்தான். எல்லாப் பொருளும் அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடும். சூடு கூடக் கூடக் கதிரும் கூடும். உணர்கருவி அதைப் பிடித்து வெப்பநிலையாகக் கணக்கிடும்.

பெல்ஜியத்தின் மெலெக்சிஸ் நிறுவனம் தயாரிக்கும் எம்எல்எக்ஸ்90614 ஓரிடத்தின் வெப்பநிலையைச் சொல்லும். அதன் எம்எல்எக்ஸ்90640 சில்லு 32-க்கு 24 என மொத்தம் 768 புள்ளிகளில் அளக்கும், 300 டிகிரிவரை. அதாவது டயரின் முழு அகலத்தையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட கருவி ஒவ்வொன்றும் பல நூறு வெள்ளி. இந்தச் சில்லு பொருத்திய சிறு பலகையோ பொதுவாக 100 வெள்ளி அளவில் கிடைக்கிறது. ஒரு சிறிய மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையுடன் இணைத்து, தரவைக் கைப்பேசிக்கே அனுப்பலாம்.

அப்போ மலிவா வாங்கி மாட்டினா போதுமா?

போதாது. நான்கு சிக்கல்கள் இருக்கின்றன.

மேற்பரப்பு மட்டும்: அகச்சிவப்புக் கருவி டயரின் தோலைத்தான் பார்க்கும். வளைவில் மேற்பரப்பு சட்டென்று சூடாகி, நேர்ச்சாலையில் சட்டென்று ஆறும். உள்ளே இருக்கும் சூடு மெதுவாகத்தான் மாறும். ஒரு நொடியில் தெரியும் உச்ச எண்ணை நம்பிக் காற்றழுத்தத்தை மாற்றக்கூடாது.

குறி தவறுதல்: கறுப்பு ரப்பர் அகச்சிவப்புக் கதிரை நன்றாக வெளியிடும். பளபளப்பான உலோகம் அப்படியல்ல. கருவியின் பார்வைக்குள் சக்கர உலோகமோ சாலையோ வந்தால் எண் பிசகும். முன்சக்கரம் திரும்பும் என்பதால், கருவியும் அதோடு சேர்ந்து திரும்பும்படி பொருத்துவது நல்லது.

அழுக்கும் பிரேக் சூடும்: பிரேக் தூசியும் ரப்பர் துகளும் வில்லையை மூடினால் அளவு மாறும். பிரேக் அருகில் கருவியே சூடானாலும் பிழை வரும்.

மழை: டயர்மீது தண்ணீர் இருந்தால், கருவி அளப்பது தண்ணீரின் வெப்பநிலையை.

இவற்றைச் சமாளிக்க எளிய வழி, கார் நின்றவுடன் ஊசி வெப்பமானியாலும் அளந்து ஒப்பிடுவது. புதிய கருவி வந்துவிட்டது என்று பழையதைத் தூக்கிப் போட வேண்டாம்.

இது நமக்கு ஏன் முக்கியம்?

1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 நடந்த மலேசியாவின் சிப்பாங் தடத்தில் இன்றும் வேறு பந்தயங்கள் நடக்கின்றன. வெயில் நேரத்தில் அங்குத் தடத்தின் வெப்பநிலை 50 டிகிரியைத் தாண்டுவதுண்டு. அங்கே கார் ஓட்டுபவர்களின் கவலை டயர் அளவுக்கு மீறிச் சூடாவது. காற்றழுத்தம் குறைவாக இருக்கும்போது டயர் தொடர்ந்து கொதித்தால் வேகமாக ஓடும்போதே சிதறக்கூடும்.

மாணவர்களின் நிலை நேரெதிர். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் பங்கேற்கும் ஃபார்முலா எஸ்ஏஇ போட்டியில் கார்கள் மிகவும் இலேசானவை. சில சுற்றுகள் ஒரு நிமிடம் அளவில் முடிந்துவிடும். டயர் சூடாகும் முன்பே ஓட்டம் முடிந்துவிடலாம்! ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீளும் தாங்குதிறன் ஓட்டத்தில் கதை வேறு. எந்த ரப்பர் கலவை, எவ்வளவு காற்று என்று ஊகிப்பதற்குப் பதில், இந்தத் தரவைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்துச் சுமார் 400 வெள்ளி, கூடவே பொறுமையாக ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம். தவறான காற்றழுத்தத்தில் ஒரு செட் டயரை வீணாக்காமல் இருக்க, சிறிய அணிக்கு அது கட்டுப்படியாகும் செலவுதான்.