ஓடு மாற்றமும் கூரை மரமும்

ஐப்பசி அடைமழை வருமுன் ஓட்டு வீடுகளைப் பிரித்து வேய்வது நம் நாட்டில் வருஷந்தோறும் நடைபெறும் காரியம். ஆடி முழுவதும் சும்மாயிருந்துவிட்டுப் புரட்டாசி பிறந்த பிறகு ஆளைத் தேடுவது பலருடைய வழக்கம். அந்த அவசரத்தில் ஓடு மட்டும் மாறுகிறது. ஓட்டைத் தாங்கும் மரத்தை ஏறிட்டுப் பார்ப்பவர் இல்லை. உடைந்ததை எடுத்தெறிந்து புதியதை வைத்ததும் கூரையே புதிதாகிவிட்டதென்று வீட்டுக்காரர் திருப்தியடைகிறார். அத்திருப்திக்கு ஆதாரமில்லை என்றே நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுவர்மேல் கிடக்கும் உத்தரம், உச்சியில் முகட்டுவளை, அங்கிருந்து சரிவாய் இறங்கும் கைமரங்கள், அவற்றின் குறுக்கே அடித்த ரீப்பர்ச் சட்டங்கள் ஆகிய இவையே கூரை. ஓடு இவற்றின்மேல் கிடக்கும் போர்வை. பாஸல் மிஷன் பாதிரிமார் 1865-ம் வருஷம் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது முதல் பரவிய மங்களூர் ஓட்டையே எடுத்துக்கொள்வோம். ஓடு ஒன்று 2 கிலோவுக்குக் குறையாது. 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 140 ஓடுகள் வேண்டும். 600 சதுர அடிக் கூரையின்மேல் ஓட்டின் பாரம் மட்டும் 1,600 கிலோவுக்கு மேற்படுகிறது. மழையில் நீரைக் குடித்த ஓடு இன்னும் கனக்கும். இரண்டு மூன்று அடுக்காய்ப் போட்ட நாட்டு ஓட்டின் கனமோ இதனினும் அதிகம். இவ்வளவு பாரமும் விரற்கடைக் கணக்கில் அறுத்த சட்டங்களின்மேல் இராப்பகலாய் உட்கார்ந்திருக்கிறது.

மரம் கெடுவது இரகசியமாகவே நடக்கிறது. விரிசல் விட்ட ஓட்டின் வழியே சொட்டும் நீர் தரைக்கு வந்து சேர்ந்தால் வீட்டுக்காரர் பாத்திரம் வைக்கிறார். கைமரத்தோடு வழிந்து சுவருக்குள் போனால் அவருக்குத் தெரிவதேயில்லை. நூற்றுக்கு இருபது பங்குக்குமேல் ஈரம் தங்கிய மரத்தில் பூஞ்சணம் பிடித்து அது மக்கத் தொடங்குகிறது. ஈரம் கண்ட இடத்திற்குக் கறையான் சுவரோரமாய் மண்பாதை கட்டி ஏறுகிறது. அது மரத்தின் மேற்றோலை விட்டுவிட்டு உள்ளே தின்பதால், வெளியில் வர்ணம்கூட மாறாமல் சட்டம் நிற்கும். ஆணியின் துருவும் தன்னைச் சுற்றியுள்ள மரத்தைக் கெடுத்து ஆணியின் பிடிப்பைத் தளர்த்துகிறது. சுவருக்குள் புதைந்த முனைகள், இறவாரத்து நுனிகள், முற்றத்தில் இரு சரிவுகள் கூடும் மூலைகள் ஆகிய இவ்விடங்களில்தான் கேடு முதலில் தோன்றுமென்பதைப் பழைய தச்சர் எவரும் சொல்வார்.

இவ்விடங்களை முழுதும் காணக்கூடிய நாள் ஒன்றே ஒன்றுதான்: ஓடு இறங்கி மரம் வெறுமையாய் நிற்கும் நாள். அதன் பிறகு பத்து இருபது வருஷங்களுக்கு அந்தச் சந்தர்ப்பம் வாய்க்காது. அன்று தச்சர் ஏறிச் சுத்தியலின் கைப்பிடியால் தட்டிப் பார்த்தால் நல்ல மரம் கணீரென்று பேசும். உளுத்தது மந்தமாய் ஒலிக்கும். சந்தேகப்பட்ட இடத்தில் உளி முனையை அழுத்தினால் அது எவ்வளவு தூரம் இறங்குகிறதென்பதே பதில். முகட்டுவளையில் கயிறு பிடித்துப் பார்த்தால் எங்கே தொய்வென்பது குழந்தைக்கும் விளங்கும். அரை நாள் வேலை. இதற்குச் சாஸ்திரப் பயிற்சி ஏதும் வேண்டாம்.

இருந்தும் இது நடவாததற்குக் காரணம் ஒப்பந்த முறையே என்பது நமது அபிப்பிராயம். கூலி சதுர அடிக் கணக்கில் பேசப்படுகிறது. மரத்தைப் பார்ப்பதற்கு அதில் ஒரு காசும் இல்லை. பார்த்துக் குறை சொன்னால் வேலை தாமதமாகும், வீட்டுக்காரரும் சந்தேகிப்பார். ஆகவே கண்டிராக்டர் வாய் திறப்பதில்லை. சிலர் மக்கிய சட்டத்தின்மேல் பழைய இஞ்சின் எண்ணெயைப் பூசிக் கறுப்பாக்கிவிட்டு மேலே ஓட்டை அடுக்குகிறார்கள். இதை மோசடி என்று சொல்ல நாம் தயங்கவில்லை. உளுத்த ரீப்பரில் கால் வைத்து முதலில் கீழே விழுபவர் அந்தக் கண்டிராக்டரல்லர். தினக்கூலிக்கு மேலே ஏறிய தொழிலாளி.

வாடகை வீடுகளின் நிலைமை இதனினும் மோசம். கூரையின் கீழ் உறங்குபவர் ஒருவர், செலவை மிச்சப்படுத்துபவர் மற்றொருவர்.

சென்னையிலும் பழைய பட்டணங்களிலும் உள்ள மெட்ராஸ் டெரஸ் வீடுகளுக்கும் இது பொருந்தும். தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாய்ச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பைக் கொட்டி இடித்து, தட்டோடு பதித்த தளம் அது. ஒழுகினால் கொத்தர் மேலே இன்னொரு பூச்சுப் பூசுகிறார். அடுத்த ஒழுக்கிற்கு மற்றொன்று. தளம் கனத்துக்கொண்டே போகிறது. சுவருக்குள் இருக்கும் உத்தர முனையோ இற்றுக்கொண்டே போகிறது. தட்டோட்டைப் பெயர்க்கும் சமயத்தில் அம்முனைகளைச் சோதிக்காமல் மேற்பூச்சுக்குப் பணம் செலவிடுவது வீண்.

ஓட்டை இறக்கிவிட்டுத் தகரம் போடுவோரும் தப்பியவரல்லர். பாரம் குறைகிறது, வாஸ்தவம். ஆனால் தகரத்தைப் பிடித்திருப்பது அந்தப் பழைய மரத்தில் அடித்த ஆணிதான். 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி வேதாரணியத்தருகே கரை கடந்த கஜா புயலின்போது காற்று கூரைகளை எவ்வாறு பெயர்த்தெடுத்ததென்பதை டெல்டா ஜில்லாக்காரர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. மக்கிய மரத்தில் எந்த ஆணியும் பற்றாது.

ஏழைக் குடும்பம் தேக்குக்கு எங்கே போகுமென்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எல்லா மரத்தையும் மாற்றும்படி எவரும் சொல்லவில்லை. நுனி கெட்ட கைமரத்தின் பக்கத்தில் நல்ல துண்டொன்றைச் சேர்த்துப் போல்ட் முடுக்கினாலே பல இடங்களில் போதுமானது. முதிர்ந்த பனஞ்சட்டம் இன்றும் கிடைக்கிறது. அதில் வெளிப்புறமே வைரம், உட்புறம் சோறு என்பதை மட்டும் மறவாமல் பார்த்து வாங்க வேண்டும். மற்ற மரங்களில் இதற்கு நேர்மாறு. வெளிறு கலந்த சட்டத்தை மலிவென்று வாங்கினால் வண்டுக்கே விருந்து. இடித்த வீட்டு மரமும் தட்டிப் பார்த்து வாங்கினால் நல்லதே. முந்திரி ஓட்டு எண்ணெய் பூசும் பழைய வழக்கத்தைக் கைவிட்டதற்கு நமக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

பொதுப் பணத்திலிருந்து வீட்டுப் பழுதுக்கு உதவியளிக்கும் இடங்களில் ஓட்டுக்கும் தகரத்துக்கும் போல மரத்துக்கும் தனித்தொகை ஒதுக்கப்பட வேண்டுமென்று சர்க்காரை வற்புறுத்துகிறோம். பள்ளிக்கூடம், சத்திரம் முதலிய ஓட்டுக் கட்டடங்களில் ஓடு மாற்றும்போது, மரத்தைச் சோதித்ததாய் எஞ்சினியர் கையெழுத்திட்ட பிறகே மேல்வேலை தொடங்க அனுமதிக்க வேண்டும். ஸ்தலத்திலுள்ள ஊழியர்கள் இதைத் தங்கள் வார்டுகளில் கேட்டு வாங்குவது கடினமன்று.

வீட்டுக்காரர்கள் ஒப்பந்தச் சீட்டில் மரச்சோதனைக்கென்று ஒரு கூலியைத் தனியே எழுதட்டும். வேலையை ஆவணிக்குள் தொடங்கட்டும். பிரித்த ஓடு தரையில் அடுக்கியிருக்கும் அந்த ஒரு நாளைத் தச்சருக்கு விட்டுவிடும்படி கண்டிராக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கட்டும்.