மொய் நோட்டும் ரெஃபரன்ஸ் பட்டியலும்



ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் நாம் கடைசியாகச் செய்கிற வேலை எது? பைண்டிங் கடைக்குப் போவதற்கு முந்தின நாள் ராத்திரி, சீனியர் அண்ணன் கொடுத்த பழைய ரிப்போர்ட்டைப் பிரித்து, அதன் கடைசிப் பக்கத்தில் இருக்கிற ரெஃபரன்ஸ் பட்டியலை அப்படியே நம்முடையதில் சேர்ப்பதுதான்! "நான் அப்படிச் செய்யவில்லை" என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். என்னாலும் தூக்க முடியாது. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

எங்கள் குழுவில் நான்கு பேர். கடலைத்தோலை அழுத்தி எரிகட்டியாக்கும் ஒரு சின்ன இயந்திரம் செய்தோம். அது நன்றாகவே ஓடியது. கைடு சாருக்கு ஒரே சந்தோஷம். "இதைக் கட்டுரையா எழுதி ஒரு ஜர்னலுக்கு அனுப்புங்கப்பா" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மகன் பெயர் அச்சில் வரப்போகிறது என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பத்தே நாளில் கட்டுரை திரும்பி வந்தது! மேற்கோள்கள் உரிய முறையில் இல்லை, திருத்தி அனுப்பவும் என்று ஒரே ஒரு வரி.

எனக்கு வந்ததே கோபம்! "ராவும் பகலும் வெல்டிங் பிடிச்சு மெஷின் செஞ்சிருக்கோம். அதைப் பார்க்காம கமாவையும் புள்ளியையும் பார்க்கறாங்களே சார்!" என்று கைடு சாரிடம் புலம்பினேன். அவர் பதில் சொல்லவில்லை. "கடலைத்தோலோட வெப்ப மதிப்புக்கு நாலாம் நம்பர்னு போட்டிருக்கியே, அந்தப் புத்தகத்தைக் கொண்டா பார்ப்போம்" என்றார்.

நாங்கள் நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்தப் புத்தகத்தை எங்களில் யாருமே கண்ணால் கண்டதில்லை. சீனியர் ரிப்போர்ட்டில் இருந்தது, எடுத்துப் போட்டோம், அவ்வளவுதான்! பக்கத்து ஊர் பொறியியல் கல்லூரி லைப்ரரி வரைக்கும் போய் அதைத் தேடிப் பிடித்தோம். பக்கத்தைத் திறந்தால் தலை சுற்றியது. அந்த எண் கடலைத்தோலுக்கு உரியதே இல்லை, நெல் உமிக்கு உரியது! உமி எரிந்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். கடலைத்தோலில் அவ்வளவு சாம்பல் கிடையாது. இரண்டும் ஒரே வெப்பத்தைத் தருமா? எந்த வருஷம் எந்த அண்ணன் செய்த தவறோ தெரியாது. எங்கள் கட்டுரையின் கணக்கெல்லாம் அந்த ஒரு எண்ணின் மேல்தான் நின்றது.

அன்று இரவு வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அப்பா பள்ளிக்கூடம் போனவர் இல்லை, கொத்து வேலை செய்கிறவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மொய் நோட்டு மாதிரியாடா அது?" என்றார்.

எனக்குச் சுரீர் என்றது! "படிக்கிற புள்ள" என்று எட்டாம் வகுப்பிலிருந்து எங்கள் தெருக் கல்யாணங்களில் என்னைத்தான் மொய் எழுத உட்கார வைப்பார்கள். முதலில் ஊர், பிறகு இனிஷியலோடு பெயர், கடைசியில் தொகை. வரிசை மாறக் கூடாது. இனிஷியலை விட்டுவிட்டால் பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். ஏன் என்றால் ஒரே ஊரில் மூன்று முருகேசன் இருப்பார். பத்து வருஷம் கழித்து நோட்டைப் புரட்டுகிறவர் யாருக்குத் திருப்பிச் செய்வது? வராதவர் பெயரில் மொய் எழுதினால் அது மோசடி. வந்தவர் பெயரை விட்டுவிட்டால் அது நன்றி கெட்டதனம். ரெஃபரன்ஸ் பட்டியலும் இதேதான் நண்பர்களே! அறிவில் நாம் வாங்கின மொய்க்குக் கணக்கு அது.

ஒரே ஒரு உதாரணம் பார்ப்போம். சி. வி. ராமன், கே. எஸ். கிருஷ்ணன், "எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன்", நேச்சர், தொகுதி 121, பக்கம் 501-502, மார்ச் 1928. யார், என்ன தலைப்பு, எந்தப் பத்திரிகை, எந்தத் தொகுதி, எந்தப் பக்கம், எப்போது என்ற ஆறு கேள்விக்கும் இந்த ஒரு வரியில் பதில் இருக்கிறது. உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் யாரையும் கேட்காமல் அந்தப் பக்கத்துக்குப் போய்ச் சேரலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். கண்டுபிடிப்பின் பெயர் ராமன் விளைவு. 1930-ல் நோபல் பரிசு கிடைத்ததும் ராமனுக்கு மட்டுமே. ஆனால் இந்த மேற்கோளை ஒழுங்காக எழுதும்போதெல்லாம் கிருஷ்ணனும் கூடவே வருகிறார். பாதிப் பெயரை எழுதி விட்டுவிட்டால் உழைத்த ஒரு மனிதர் அங்கே காணாமல் போகிறார்!

முறைகள் பல உண்டு. நம் பொறியியல் துறையில் பெரும்பாலும் ஐ-ட்ரிப்பிள்-ஈ முறை. கட்டுரையில் எது முதலில் வருகிறதோ அது சதுர அடைப்புக்குள் 1, அடுத்தது 2. அதே நூல் மறுபடி வந்தால் அதே பழைய எண்தான். நம் வழக்கம் போலவே இனிஷியல் முன்னால் வரும். ஏ.பி.ஏ. முறையில் பெயர் முன்னால், இனிஷியல் பின்னால், அதன்பின் அடைப்புக்குள் வருஷம், பட்டியல் அகர வரிசையில். ஏன் இத்தனை முறை என்று சலித்துக்கொண்டவர்கள் நாம் மட்டும் அல்ல. மருத்துவப் பத்திரிகை ஆசிரியர்கள் சிலர் 1978-ல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிப் பேசித்தான் தங்களுக்குள் ஒரு பொது முறையை உண்டாக்கினார்கள். எந்த முறை என்பது பத்திரிகையின் விருப்பம். ஆனால் ஒரு கட்டுரைக்குள் ஒரே முறைதான் இருக்க வேண்டும்.

"இதெல்லாம் எதுக்கு? சாட்ஜிபிடியிடம் கேட்டால் நொடியில் பட்டியல் தருமே" என்பீர்கள். தரும். புள்ளி, கமா எல்லாம் கச்சிதமாக இருக்கும். ஆனால் அப்படி ஒரு புத்தகமே இல்லாமல் போகலாம்! 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் அது சொன்ன, நடக்கவே நடக்காத வழக்குகளை மேற்கோள் காட்டி மனு போட்டார்கள். நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. வடிவம் சரியாக இருந்துவிட்டால் உண்மை ஆகிவிடுமா? திறந்து பார்க்காத நூல், வராதவர் எழுதிய மொய்!

குறையை மட்டும் சொல்லிவிட்டு ஓடிப் போக எனக்கு விருப்பம் இல்லை. மூன்று யோசனைகளை முன் வைக்கிறேன். ஒன்று, முதலாம் ஆண்டிலேயே லைப்ரரியில் ஒரு மணி நேரம் இதைச் சொல்லித் தர நம் மாணவர் மன்றம் கேட்க வேண்டும். வீட்டில் படித்தவர் இருந்தால் இதைச் சொல்லிக் கொடுப்பார். நம்மில் பலருக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? இரண்டு, வைவாவில் பட்டியலிலிருந்து ஒரு நூலையாவது காட்டச் சொல்லி ஆசிரியர்கள் கேட்கட்டும். மூன்று, ஒரு புத்தகத்தைத் திறந்த அன்றைக்கே ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், வருஷம், பக்கம் ஐந்தையும் நோட்டில் குறித்து வைப்போம். பைண்டிங் ராத்திரி தேடினால் கிடைக்காது.

நாங்கள் எண்ணைத் திருத்தினோம், கணக்கை மறுபடி போட்டோம். பதினொரு நூல்களில் நாங்கள் பார்க்காத நான்கை எடுத்துவிட்டோம். ஏழே ஏழு நூல்களோடு கட்டுரை மறுபடி போயிருக்கிறது. ஏற்பார்களா, தெரியாது. ஏற்றால் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயரும் ஓர் எழுத்தாக அச்சில் நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதருக்குப் பொய்க் கணக்கின் மேல் அந்த எழுத்து நிற்க வேண்டாம்.

யாரிடம் வாங்கினோம் என்பதை மறைக்காமல் எழுதுவோம்! வாங்கியதை உண்மையாக எழுதுவோம்!

மூன்றாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை