வௌவாலுக்கு வேண்டிய இருட்டு

ஆக்லாந்து நகரத்தின் மேற்குப் புறத்தில், வைடாக்கரே மலைத்தொடரின் அடிவாரத்தை ஒட்டிக் கிடக்கும் கிளென் ஈடனில், பழைய மனைகளை இரண்டாகவும் நாலாகவும் பிரித்து நெருக்கமாக வீடுகள் எழும்பி வரும் இந்நாளில், வீட்டுக்குப் பின்னால் மிஞ்சும் கையகல நிலத்தில் கறிவேப்பிலைத் தொட்டிக்கும் துணி காயப்போடும் கொடிக்கும் மேலாக வேறெதற்கு இடமிருக்கிறது என்று கேட்பவர்களே அதிகம். இடம் இருக்கிறது என்பதும், அதில் ஒரு பங்கு வௌவாலுக்கு உரியது என்பதுமே என் அபிப்பிராயம்.

நியூஸிலாந்தில் மனிதன் கால் வைப்பதற்கு முன்பே நிலத்தில் வாழ்ந்து வந்த பாலூட்டிகளில் இன்று எஞ்சியிருப்பவை வௌவால்கள் மாத்திரமே. எலியும் நாயும் பூனையும் ஆடுமாடுகளும் மனிதனோடு கடல் கடந்து வந்து சேர்ந்தவை. மூன்று வகை வௌவால்களில் பெரிய குறுவால் வௌவாலை 1967-க்குப் பிறகு உறுதியாகக் கண்டவர் இல்லை. எஞ்சிய இரண்டில், மாவோரி மக்கள் பெக்கபெக்கா என்று அழைக்கும் நெடுவால் வௌவால் வைடாக்கரே மலைக்காடுகளில் இன்றும் ஜீவித்து வருகிறது. கட்டைவிரல் அளவே உடம்பும் பத்துக் கிராம் அளவே எடையும் கொண்ட இப்பிராணி, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து, அந்துப்பூச்சியையும் வண்டையும் கொசுவையும் ஆகாயத்திலேயே பிடித்துத் தின்று, வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டி ஈன்று, அழிவின் விளிம்பில் நிற்கிறது. 2021-ஆம் ஆண்டில் இந்நாட்டு மக்கள், பறவையே அல்லாத இதனை ‘ஆண்டின் பறவை’யாகத் தேர்ந்தெடுத்துத் தங்கள் அன்பைத் தெரிவித்தார்கள். அந்த அன்பு வாக்குச் சீட்டோடு நின்றுவிடாமல் கொல்லைப்புறம் வரையில் வர வேண்டும்.

வௌவாலை வரவேற்க விரும்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது, எந்தச் செடியை நடுவது, மரப்பெட்டியை எங்கே மாட்டுவது என்பதைத்தான். ஹாமில்டன் நகரத்தில் அவ்விதப் பெட்டிகளில் வௌவால்கள் குடியேறியதும் உண்டு. ஆயினும், நெடுவால் வௌவால் செயற்கை வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகும் சுபாவமுடையது என்பதை உணர்ந்தவர்கள், விடிய விடிய எரியும் வெள்ளை விளக்கை அணைப்பதையே தோட்ட வேலையின் முதற்படியாகக் கொள்வார்கள். திருடர் பயத்தினால் விளக்கு வேண்டுமென்போர், ஆள் நடமாட்டம் கண்டு எரிந்து அணையும் விளக்கை, மஞ்சள் நிற ஒளியோடு, தரையைப் பார்த்துக் கவிந்திருக்கும்படி பொருத்திக்கொள்ளலாம், செலவும் குறைவு.

இருட்டு கிடைத்த பிறகு பூச்சி வேண்டும். இரவில் மணம் வீசி அந்துப்பூச்சிகளை அழைக்கும் டீ கோவுக்கா மரமும், மானுக்காவும், சாடியிலும் வளரும் கோரோமிக்கோவும் இந்த மண்ணுக்கு உரியவை. உதிர்ந்த இலைகளைக் கூட்டித் தள்ளாமல் ஒரு மூலையில் கிடக்க விட்டு, அதன்மேல் மக்கிய கட்டை இரண்டைப் போட்டு வைத்தால், வேட்டா என்னும் பெரிய வெட்டுக்கிளி இனமும், செப்பு நிற அரணையும் தங்குவதற்கு வசதியாகும். பூச்சிமருந்தை மாத்திரம் கையால் தொடக் கூடாது. இவ்வளவுக்கும் ஒரு கட்டில் போடும் இடம் போதும். அழகுக்காக வளர்த்த காட்டு இஞ்சி யார் கொல்லையிலாவது இருந்தால், அதை வேரோடு அகற்றிவிட வேண்டும். இமயமலைச் சாரலில் பிறந்து இங்கு கொண்டுவரப்பட்ட அச்செடி, கிழங்கு பாய்ச்சித் தரையை மூடி, வைடாக்கரேக் காடுகளில் இளங்கன்று எதையும் தலைதூக்க விடாமல் செய்து வருகிறது. நம் தேசத்துச் செடி என்ற பாசம் இவ்விஷயத்தில் உதவாது.

பூனை வளர்ப்போர் மனம் நோகக்கூடும் எனினும் சொல்லாமல் இருப்பதற்கில்லை. 2010-இல் ருவாபெஹு மலைச் சாரலில் ஒரே பூனை ஒரு வார காலத்தில், எஞ்சிய இரண்டில் மற்றோர் இனமாகிய சிறிய குறுவால் வௌவால்களில் நூறுக்கு மேற்பட்டவற்றைக் கொன்றது. பூனையை இரவில் வீட்டுக்குள் வைத்துக்கொள்வதும், வேலியோரம் எலிப்பொறி வைப்பதும், எத்தனை செடி நட்டாலும் ஈடுசெய்ய முடியாத உபகாரங்கள்.

மரங்களின் கதை துயரமானது. நெடுவால் வௌவால் பெரும்பாலும் தினம் ஒரு மரமாகத் தங்குமிடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால், அதற்குப் பொந்தும் வெடித்த பட்டையும் உள்ள முதிய மரங்கள் அநேகம் தேவை. அவை சுதேச மரங்களாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை, கிழட்டுப் பைன் மரத்திலும் அது தங்கும். அப்படியிருக்க, 2009-இல் சட்டத்தைத் திருத்தி, 2012 முதல் நகர்ப்புற மனைகளில் மரங்களுக்கு இருந்த பொதுவான பாதுகாப்பை அரசாங்கம் விலக்கியது. அது பெரும் பிழை. நூறு வருஷத்து மரம் ஒரு காலைப் பொழுதில் சாய்ந்த இடத்தில் நாம் நடும் கன்று, பொந்து தரும் வயதை எட்டுவதைக் காண நம் பேரக்குழந்தைகளும் இருக்கமாட்டார்கள்.

பிற உயிர்களுக்காக விட்டுக்கொடுக்கும் இவ்விதத் தியாகங்கள் தமிழர்களாகிய நமக்குப் புதியனவல்ல. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில், பறவைகள் மிரளுமென்று கொள்ளுகுடிப்பட்டி கிராமத்தார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பண்டிகையின் சந்தோஷத்தில் ஒரு பகுதியை ஊரே விட்டுக்கொடுத்திருக்கிறது. அதே தமிழ்நாட்டின் மேகமலையில் 1948-இல் கிடைத்த பழந்தின்னி வௌவால் ஒன்று, 1972-இல் பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயரால் தனி இனமென்று அறியப்பட்டு, பிற்பாடு உயர்ந்த சட்டப் பாதுகாப்பும் பெற்றது. மற்றப் பழந்தின்னி வௌவால்களோ 2022-ஆம் ஆண்டின் திருத்தம் வரையில் எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் தொல்லைப் பிராணிகள் என்ற அட்டவணையிலேயே கிடந்தன. சட்டம் தாமதித்த காலமெல்லாம் அவற்றைக் காத்தவை கோவில் மண்டபங்களும் ஊர்ப்புறத்து ஆலமரங்களுமே.

கிளென் ஈடனுக்கும் அத்தகைய அடைக்கலம் ஒன்று வாய்த்திருக்கிறது. 1886-இல் திறக்கப்பட்ட வைக்குமெட்டே கல்லறைத் தோட்டம் 108 ஹெக்டேர் பரப்புள்ளது. ஊரின் நடுவே இவ்வளவு விஸ்தாரமான திறந்தவெளி வேறு இல்லை. அதற்கும் மலைக்கும் இடையிலுள்ள தெருக்களில் இரவு வெளிச்சத்தைத் தணிக்கவும், மனைகளைப் பிரிக்க அனுமதி வழங்கும்போது முதிய மரங்களை நிறுத்திவைக்கும் நிபந்தனையைச் சேர்க்கவும், வைடாக்கரே ரேஞ்சஸ் உள்ளூர் வாரியம் ஆக்லாந்து மாநகர சபையை வற்புறுத்த வேண்டும். அவ்வாரியத்தின் கூட்டங்களுக்குப் போய் இதைக் கேட்பவர்களில் தமிழ்க் குடும்பங்களும் இருக்க வேண்டும்.